ஜூன் 10: மாடலுக்குத் தெரியாத பட்டம்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில் என்கார் என்ற வளிமண்டல ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே உருவான சிஎல்எம் 5 என்ற நிலப்பரப்பு மாடலுக்குள் (தரையில் நீரும் வெப்பமும் எப்படி நகர்கின்றன என்று கணக்கிடும் கணினி நிரல் அது) ஒரு விவசாயி குடியிருக்கிறார். தினமும் காலை 6 மணிக்கு எழுந்து வயலைப் பார்ப்பார். பயிரில் இலை இருக்கிறதா, வேர் போகிற ஆழத்தில் ஈரம் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டு, சரியாக அந்த அளவுத் தண்ணீரை அடுத்த 4 மணி நேரத்துக்குள் பாய்ச்சிவிட்டுப் போய்விடுவார். கல்யாணம் காட்சி என்று ஒரு நாள் தவறுவதில்லை, மோட்டாரில் காயில் எரிவதில்லை, கரண்ட் போவதில்லை. ஆற்றில் தண்ணீர் போதவில்லை என்றாலும் கவலை இல்லை. வரம்பு எதுவும் போடாமல் விட்டால், பற்றாக்குறையைக் கடல் கணக்கில் கழித்துக்கொண்டு மாடல் பாட்டுக்கு ஓடும்.

பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்து விவசாயி இப்படி இல்லை. நெல் பருவத்தில் அவருக்கு மும்முனை மின்சாரம் நாளுக்கு 8 மணி நேரம், அதுவும் முறை வைத்து. முறை பகலிலும் வரும், நடுராத்திரியிலும் வரும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து யார் போய் சுவிட்ச் போடுவது? ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும், வயலுக்குத் தண்ணீர் தேவையா இல்லையா என்ற கேள்வியே நடுவில் வராது. விவசாயத்துக்கு மின்கட்டணம் 1997-இலிருந்து இல்லை, இடையில் கொஞ்ச காலம் வசூலித்துப் பார்த்து மறுபடி விட்டுவிட்டார்கள். ஆகவே கூடுதலாக ஓடிய மணி நேரத்துக்கு அவர் ஒரு பைசா கொடுப்பதில்லை.

இந்த இரண்டு விவசாயிகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். காலநிலை மாடலுக்குள் மனிதனைக் கொண்டுவர வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த மனிதனை, அவனுடைய எந்த முடிவை என்று இறங்கிப் பார்த்தால் விவகாரம் வேறு மாதிரி போகிறது. அதற்குப் பஞ்சாப் நெல்லைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீர் வந்த கதை, போன கதை

பஞ்சாபி வீட்டில் ரொட்டிதான் சாப்பாடு, சோறு அவர்களுக்கு அன்றாட உணவே கிடையாது. 1960-61-இல் அங்கே நெல் விளைந்த பரப்பு 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல். ஆண்டுக்கு 500, 600 மில்லிமீட்டர் மழை பெய்கிற சமவெளியில், பருவமழை ஜூன் கடைசியில்தான் எட்டிப்பார்க்கிற இடத்தில், இவ்வளவு நெல் எப்படி வந்தது என்றால் மூன்று முடிவுகளால் வந்தது: அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையில் விளைந்ததை எல்லாம் கொள்முதல் செய்தது, போர்வெல் போடக் கடன் கிடைத்தது, அப்புறம் மின்சாரம் இலவசமானது. மூன்றுமே வானிலை சம்பந்தப்பட்டவை அல்ல.

தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, தரைமட்டத்து மோட்டார் உறிஞ்ச முடியாமல் போனது. குழி தோண்டி மோட்டாரை உள்ளே இறக்கினார்கள், குழியை இன்னும் ஆழப்படுத்தினார்கள், கடைசியில் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். கோயம்புத்தூர், சேலம் பக்கம் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு போனது என்று வானத்திலிருந்து தெரிந்தது. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை குறைந்தால் ஈர்ப்பு குறையும், இடைவெளி துளி மாறும், அந்தத் துளியை அளந்தார்கள். நாசாவின் மேத்யூ ரோடெல் குழு 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2002 ஆகஸ்டுக்கும் 2008 அக்டோபருக்கும் இடையில் ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லி உள்ளிட்ட ஹரியானா ஆகிய பகுதிகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல் போயிருந்தது. நம் கணக்கில் சொன்னால் 3,850 டிஎம்சி. மேட்டூர் அணை 93.47 டிஎம்சி, ஆக, 41 மேட்டூர்.

தரைக்கு அடியில் இருந்த அந்த நீரில் பெரும்பகுதி காற்றில்தான் கலந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும், கரண்ட் பில் பாஷையில் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நெல் நட்ட வயலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு 20 ஆயிரம் லிட்டர், அதற்குப் போகும் வெப்பம் 13 ஆயிரம் யூனிட்டுக்கும் மேல். ஒரே ஏக்கர், ஒரே நாள். பஞ்சாபில் 75 லட்சம் ஏக்கர் நெல். இந்த அளவு வெப்பத்தை இடம் மாற்றுகிற ஒரு விஷயத்தை விட்டுவிட்டு அந்த ஊரின் தட்பவெப்பத்தைக் கணக்கிட முடியுமா?

ரொம்ப காலம் விட்டுவிட்டுத்தான் கணக்கிட்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனத்து ரெமோ என்ற வட்டார மாடல், வடமேற்கு இந்தியாவையும் பாகிஸ்தானையும் நிஜத்தைவிட 5 டிகிரி வரை சூடாகக் காட்டிக்கொண்டிருந்தது. 5 டிகிரி என்பது சின்னப் பிசகு இல்லை. மேகக் கணக்கிலோ கதிர்வீச்சுக் கணக்கிலோ தவறு இருக்கும் என்று தேடத் தோன்றும். 2009-இல் ஃபஹத் சயீத், ஸ்டீபன் ஹேகமன், டேனியலா யாக்கப் மூவரும் செய்தது எளிமையான காரியம்: பாசன நிலங்களில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பிசகு பெருமளவு மறைந்தது. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. நிலம் குளிர்ந்ததால் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைந்தது, மேற்கிலிருந்து வரும் காற்று தணிந்தது, வங்கக் கடலிலிருந்து கிளம்பும் காற்றோட்டம் உள்நாட்டுக்குள் இன்னும் தூரம் போனது. போர்வெல் மோட்டார் பருவமழையின் பாதையில் கை வைத்திருக்கிறது.

இதற்கு அப்புறம் மாடல் எழுதுகிறவர்கள் பாசனத்தைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். மேலே பார்த்த 6 மணி விவசாயி அந்த வம்சாவளியில் வந்தவர்தான். அவரைக் கிண்டல் செய்வது எளிது, ஆனால் அவர் இல்லாத காலத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு தேதி, ஒரு சட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம்மூரில் சொல்வார்கள். பட்டம், அதாவது விதைக்கும் காலம், வானத்தையும் காற்றையும் பார்த்து முன்னோர் வகுத்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டெல்டாக்காரர்களுக்கு அது உண்மை இல்லை என்று தெரியும். குறுவைக்குப் பட்டம் ஜூன் 12, ஏனென்றால் மேட்டூரைத் திறக்கிற வழக்கமான நாள் அது. பஞ்சாபில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பட்டம் அரசிதழில் வெளியாகிறது.

முன்பெல்லாம் பஞ்சாபில் மே மாதத்திலேயே நடவைத் தொடங்கிவிடுவார்கள். 40 டிகிரிக்கு மேல் வெயில், லூ என்கிற அனல் காற்று, மழைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் கட்டினால் பயிருக்குப் போவதைவிட வானத்துக்குப் போவது அதிகம். 2008-இல் அவசரச் சட்டம், 2009-இல் பஞ்சாப் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம். மே 10-க்கு முன் நாற்று விடக் கூடாது, ஜூன் 10-க்கு முன் நடக் கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம், நட்ட பயிரையும் அழித்துவிடலாம். ஹரியானாவும் அதே ஆண்டு தன் பங்குக்கு ஜூன் 15 என்று சட்டம் போட்டது.

அதற்குப் பின் அந்தத் தேதி ஓர் இடத்தில் நிற்கவில்லை. 2014-இல் ஜூன் 15. 2018-இல் ஜூன் 20, விவசாயச் சங்கங்கள் கொதித்தன, 2019-இல் ஜூன் 13-க்குத் திரும்பியது. 2020-இல் கொரோனா ஊரடங்கு. நடவுக்கு வரும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், இருக்கிற ஆளை வைத்துச் சமாளிக்க நாள் கூடுதலாக வேண்டும் என்று தேதியை மறுபடி ஜூன் 10-க்குக் கொண்டுவந்தார்கள். ஆள் கிடைக்காததால் அந்த ஆண்டு பலர் நாற்று நடுவதையே விட்டுவிட்டு நேரடி விதைப்புக்குப் போனார்கள், அதில் தண்ணீர் கட்டும் விதமே வேறு. எங்கோ கிளம்பிய ஒரு வைரஸ், ரயில் நிறுத்தம், ஆள் பற்றாக்குறை, அரசிதழ் அறிவிப்பு, வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களின் எண்ணிக்கை, காற்றில் ஏறும் ஈரம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை மாடலுக்குள் எழுதுவீர்கள்?

தண்ணீர் கணக்கில் சட்டம் அர்த்தமுள்ளதுதான், கொளுத்தும் வெயிலில் வயல் நிரப்புவதைத் தள்ளிப்போட்டது. ஆனால் நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளும், கோதுமை மட்டும் தள்ளாது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மார்ச் கடைசியில் வரும் வெயிலில் மணி சுருங்கிவிடும். நெல் அறுத்து, அடித்தாளை அகற்றி, கோதுமை விதைக்க இருந்த இடைவெளி இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கியது. அறுவடை எந்திரம் ஒரு முழ உயரத்துக்குத் தாளை நிற்கவிட்டுப் போய்விடும். பஞ்சாபில் ஆண்டுக்கு 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுகிறது, சிலிக்கா அதிகம் என்பதால் அங்கே மாட்டுக்கும் போடுவதில்லை (நம்மூர் மாடு கேட்டால் ஆச்சரியப்படும்). கையில் இருப்பது இரண்டு வாரமும் ஒரு தீப்பெட்டியும்தான்.

2019-இல் பல்விந்தர் சிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்தார்கள். சட்டத்துக்குப் பிறகு எரிப்பு நவம்பர் நாட்களில் நெருங்கி, உச்ச நாட்களின் தீவிரம் 39% கூடியிருந்தது. நவம்பரில் காற்று மந்தம், குளிர் இறங்க ஆரம்பித்திருக்கும், புகை மேலே ஏறாமல் படுத்துக்கொள்ளும். அதனால் பிஎம் 2.5 நுண்துகள் ஏறக்குறைய 29% அதிகமாக இருந்தது என்பது அவர்கள் கணக்கு. 2016 நவம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் பள்ளிகளை மூடும் அளவுக்குப் புகைமூட்டம் வந்ததே, அதில் டெல்லியின் வாகனமும் தூசியும் தீபாவளிப் பட்டாசும் உண்டு, ஆனால் சண்டிகரில் தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட ஒரு தேதிக்கும் அதில் பங்கு உண்டு.

மாடல் பார்வையில் இது ஒரு தலைவலி. பாசனம் ஒரு குழுவின் கோப்பில் இருக்கும், எரிப்பு இன்னொரு குழுவின் கோப்பில் இருக்கும். இரண்டையும் தனித்தனி உள்ளீடாகக் கொடுப்பார்கள். ஒரே விவசாயி, ஒரே வயல், ஒரே தேதியிலிருந்து இரண்டும் பிறக்கிறது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. நடவை 10 நாள் தள்ளி மாடலை ஓட்டினால் எரிப்பு தானாக 10 நாள் தள்ளாது; புகை பழைய தேதியிலேயே கிளம்பும்.

வெயில் குறைந்தது, புழுக்கம்?

இந்தக் கேஸில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சித்திரை மாதத்தில் சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தரை குளிரும், தெளித்த பத்து நிமிஷத்தில் ஒரு புழுக்கம் கிளம்பும். தெர்மாமீட்டர் இறங்கியிருக்கும், சட்டை நனைந்திருக்கும். உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது நடக்காது. ஆக, பாசனம் வெப்பத்தைக் குறைக்கிறது என்பதை வைத்து மக்கள் பிழைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

2020-இல் காந்திநகர் ஐஐடியின் விமல் மிஸ்ரா குழு இதைத்தான் சொன்னது. சிந்து-கங்கைச் சமவெளியில் பாசனம் தரையை 1 டிகிரியும் காற்றை அரை டிகிரியும் குளிர்விக்கிறது, ஆனால் ஈரத்தைக் கூட்டி, தரையை ஒட்டிய காற்றடுக்கின் உயரத்தைக் குறைத்து, ஈரப்புழுக்க ஆபத்தை அதிகரிக்கிறது, தெற்காசியாவில் 3.7 முதல் 4.6 கோடிப் பேர் இதனால் பாதிக்கப்படுகிறார்கள் என்று கணக்கிட்டது.

சரி. 2022-இல் மும்பை ஐஐடியின் சுபிமல் கோஷ் இருந்த குழு ஒரு கேள்வி கேட்டது, கேள்வி ரொம்ப எளிது: ஏப்ரல், மே மாதங்களில் அங்கே யார் பாசனம் செய்கிறார்கள்? பைசாகி ஏப்ரல் 13, 14 வாக்கில் வரும், அதையொட்டிக் கோதுமை அறுப்பு. நெல் நடவு ஜூனில். நடுவில் பெரும்பாலான வயல் வெறும் தரிசு. மாடல் தன் போக்கில், பாசன வசதி உள்ள நிலம், மண் காய்ந்திருக்கிறது, ஊற்று என்று மே மாதம் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தால், இல்லாத தண்ணீரிலிருந்து இல்லாத புழுக்கம் கிளம்பும். உண்மையான பயிர்க் காலத்தை வைத்துக் கணக்கிட்டபோது, மழைக்கு முந்தைய மாதங்களின் வெப்ப நெருக்கடியில் பாசனத்தின் பங்கு சொற்பம் என்று அவர்களுக்கு வந்தது.

இரண்டு பக்கமும் திறமையானவர்கள். இயற்பியலில் யாரும் தப்புச் செய்யவில்லை. ஆவியாதல் சமன்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சண்டை முழுவதும் மோட்டார் எந்த மாதம் ஓடுகிறது என்பதைப் பற்றியது. அதை எந்த வெப்பமானியும் சொல்லாது. ஊர்க்காரர் சொல்வார், அல்லது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு சொல்லும், ஏனென்றால் மே மாதத்தில் பஞ்சாபில் நெல் நடுவது சட்ட விரோதம்!

இதே வரிசையில் அஞ்சனா தேவானந்த் முதலானோர் 2019-இல் செய்ததையும் சேர்க்க வேண்டும். இந்திய விவசாயி பயிர் கேட்கிற அளவுக்கு அல்ல, அதற்கு மேலும் நிலத்தடி நீரை இறைத்து நெல் வயலில் நிறுத்துகிறார் என்பதை மாடலில் வைத்தார்கள். வைத்ததும், செப்டம்பர் மழை வடமேற்குப் பக்கம் நகர்ந்தது, மத்திய இந்தியாவில் பெருமழை நிகழ்வுகள் கூடின. கணக்குப் பார்த்து ஊற்றும் 6 மணி விவசாயிக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் விவசாயிக்கும் உள்ள வித்தியாசம் அவர் வயலோடு நிற்கவில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மத்திய இந்தியாவில் மழையாக விழுந்தது.

பார்க்கிறவனைப் பார்த்து நடக்கிறவன்

மேகத்தை எத்தனை முறை படம் எடுத்தாலும் அது தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. விவசாயி மாற்றிக்கொள்வார்.

தாள் எரிப்புக்கு அபராதம் வந்தது, வழக்கு வந்தது. யார் எரிக்கிறார்கள் என்று பார்ப்பது செயற்கைக்கோள். பஞ்சாபில் பருவத்துக்குப் பதிவான தீ எண்ணிக்கை 2021-இல் 71,304, 2022-இல் 49,922, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. அருமையான இறக்கம் என்று அறிக்கை விடலாம். ஆனால் காற்றில் புகைத்துகள் அளவு அதே வேகத்தில் இறங்கவில்லை. நாசாவில் வேலை பார்க்கும் ஹிரேன் ஜேத்வா 2024 அக்டோபரில் இதைக் கவனித்துச் சொன்னார். தீயை எண்ணும் முக்கியமான செயற்கைக்கோள்கள் மதியம் ஒன்றரை மணி வாக்கில் தலைக்கு மேலே போகின்றன. எப்போதும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களில், அந்த நேரம் கடந்த பிறகு சாயங்காலம் புகை எழும்புவது தெரிந்தது.

எரிப்பு உண்மையிலேயே குறைந்தும் இருக்கிறது. தாளை மடக்கி உழும் எந்திரங்கள், தாளை எரிக்காமலே கோதுமை விதைக்கும் ஹேப்பி சீடர், கட்டாகக் கட்டி எடுத்துப்போகும் ஆட்கள் என்று நிறைய நடந்தது. எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நேரம் மாறியது என்று பிரிப்பதுதான் சிக்கல். மாடல்களுக்குப் போகும் எரிப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைகளிலிருந்தே தயாராகின்றன. நாலு மணிக்கு எரிந்த வயல் பட்டியலில் இல்லை என்றால் மாடலில் புகை குறையும், கருவியில் குறையாது, அப்புறம் இயற்பியலில் எங்கே பிழை என்று யாராவது ஆறு மாதம் தேடுவார்கள். ரெமோவின் 5 டிகிரி போலவே.

மனிதனை எப்படி எழுதுவது

உலக அளவில் இப்போதைய வழக்கம் என்னவென்றால், மனிதர்கள் மாடலுக்கு வெளியே இருப்பார்கள். மக்கள்தொகை இப்படி, வளர்ச்சி இப்படி, எரிபொருள் இப்படி என்று ஐந்து வகைச் சமூகப் பாதைகளை எழுதி, அதிலிருந்து வரும் உமிழ்வை மாடலுக்குக் கொடுப்பார்கள். மாடல் 3 டிகிரி சூடு காட்டினாலும் கதையில் உள்ள மனிதர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், முதலில் எழுதிய வசனத்தையே கடைசி வரை பேசுவார்கள்.

இதை மாற்ற 2018-இல் பிரையன் பெக்கேஜ் குழு ஒரு முயற்சி செய்தது. கடுமையான வெப்ப நிகழ்வுகளைக் கண்டு மக்கள் ஆபத்தை உணர்ந்து நடத்தையை மாற்றினால் என்ன ஆகும் என்று உளவியலின் ஒரு கோட்பாட்டை எடுத்து, சி-ரோட்ஸ் என்ற எளிய காலநிலை மாடலோடு பிணைத்தார்கள். தனியாக ஓட்டினால் 2100-இல் 4.9 டிகிரி காட்டிய மாடல், மனித நடத்தையைப் பொறுத்து 3.4-லிருந்து 6.2 வரை பரந்தது. ஆக, மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை வைத்தே ஏறக்குறைய 3 டிகிரி ஆடுகிறது. முக்கியமான வேலைதான். ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு: சங்ரூர் விவசாயி ஆபத்தை உணராமல் இல்லை. தண்ணீர் இறங்குவது அவருக்குத் தெரியும், போர் ஆழப்படுத்தப் பணம் கட்டியவர் அவர்தான். புகை கெடுதல் என்பதும் தெரியும், அந்தப் புகையை முதலில் குடிப்பது அவர் வீட்டுக் குழந்தைகள்தான். அவர் மனசுக்குள் போய் உணர்வை மாடல் செய்வதைவிட, அவர் வாசலில் இருக்கிற மின்முறைப் பட்டியலையும் கொள்முதல் விலையையும் மாடல் செய்தால் அவர் அடுத்து என்ன செய்வார் என்று இன்னும் நன்றாகத் தெரியும்.

நீரியலில் இந்தச் சிந்தனைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. இலங்கையில் பிறந்து இப்போது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருக்கும் முருகேசு சிவபாலன், ஹூபர்ட் சவேனியே, குந்தர் ப்ளோஷல் ஆகியோருடன் சேர்ந்து 2012-இல் சமூக நீரியல் என்று ஒரு துறையையே முன்வைத்தார். மனிதன் நீர்ச் சுழற்சிக்கு வெளியிலிருந்து தொந்தரவு கொடுப்பவன் அல்ல, சுழற்சியின் உள்ளேயே ஓர் உறுப்பு. தண்ணீர் அவனை மாற்றும், அவன் தண்ணீரை மாற்றுவான் என்பதுதான் அடிப்படை. பஞ்சாபின் ஜூன் 10 இதற்கு அச்சு அசலான உதாரணம். தண்ணீர் இறங்கியது, சட்டம் வந்தது, புகை கூடியது, புகையைப் பார்த்து அடுத்த முடிவு வந்தது.

அந்த அடுத்த முடிவு ரகத்தைப் பற்றியது. பூசா 44 என்ற நெல் ரகம் விளைச்சலில் ராஜா, ஆனால் 160 நாள் எடுக்கும். நடவு தாமதமானால் அறுப்பு நவம்பருக்குத் தள்ளிப்போய்விடும். பஞ்சாப் அரசு 2024 பருவத்திலிருந்து அதைத் தடை செய்து, பிஆர் 126 போன்ற குறுகிய கால ரகங்களைத் தூக்கிப்பிடித்தது. நாற்றங்காலையும் சேர்த்து 120 சொச்சம் நாளில் அறுப்பு. தண்ணீர் மிச்சம், வைக்கோல் குறைவு, கோதுமைக்கு முன் கூடுதல் நாள். எல்லாம் சரியாக வரும் என்று பார்த்தால், அரிசி தேறுவது குறைகிறது என்று அரவை ஆலைக்காரர்கள் முனகி எடுக்கத் தயங்கினார்கள், மண்டியில் நெல் தேங்கியது. ஆலைக்காரருக்கு ஒரு மூட்டையில் எத்தனை கிலோ அரிசி வரும் என்பது அடுத்த ஆண்டு விவசாயி எந்த ரகம் போடுவார் என்பதைத் தீர்மானிக்கும், அது தண்ணீர் நிற்கும் நாளைத் தீர்மானிக்கும். ஆலைக்காரர் எந்தக் காலநிலை மாடலிலும் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், எல்லாரையும் உள்ளே இழுத்தால் மாடல் ஊர்ச் சந்தை ஆகிவிடும்.

என் யோசனை இதைவிடச் சின்னது. முதலில் நாள்காட்டியைச் சேருங்கள்: மாவட்டவாரியாக நடவுத் தேதி, ஆண்டுதோறும் மாறுகிறபடியே, ரகத்தின் வயதோடு. நடவுத் தேதியையும் ரகத்தையும் கொடுத்தால் அறுப்பு எப்போது என்று மாடலே கணக்கிடும், அறுப்பிலிருந்து எரிப்புக் காலம் தானாக வரும், இரண்டு கோப்பும் ஒரே நூலில் கட்டப்படும். அடுத்து மின்சாரம். பஞ்சாபில் விவசாய மோட்டார்களுக்குத் தனி ஃபீடர் (மின்பாதை) போட்டிருக்கிறார்கள், ஆக அந்தக் கம்பியில் எப்போது கரண்ட் ஓடியது என்பதுதான் மோட்டார் எப்போது ஓடியது என்பது. இலவசக் கரண்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரும் உள்ள ஊரில் இதைவிட நேரான பாசனப் பதிவேடு கிடையாது. அது வானிலை நிலையத்தில் இருக்காது, பாட்டியாலாவில் தலைமையகம் வைத்திருக்கும் மின்வாரியத்தில் இருக்கும். 2018-இல் பஞ்சாபில் ஒரு திட்டம் வந்தது, ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயிக்குக் கொடுப்பார்கள். அந்த மாதிரி ஒரு மாற்றம் வந்தால் மோட்டார் மணி நேரம் எவ்வளவு குறைகிறது என்பதை ஃபீடர் பதிவு அன்றைக்கே காட்டும், ஈர்ப்பை அளக்கும் செயற்கைக்கோளுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் தேதி மறுபடி நகர்ந்துவிட்டது. 2025-இல் பஞ்சாப் அரசு நடவை ஜூன் 1-க்கே முன்னுக்குக் கொண்டுவந்தது: ஃபரித்கோட், பட்டிண்டா, ஃபாசில்கா, ஃபெரோஸ்பூர், முக்த்சர் மாவட்டங்களுக்கு ஜூன் 1, மற்றவற்றுக்கு ஜூன் 5 அல்லது ஜூன் 9. காரணம் தண்ணீரும் இல்லை, புகையும் இல்லை. கொள்முதலுக்கு நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அக்டோபர் பிந்திப் போனால் பனி இறங்கி நெல் காயாது, மண்டியில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்புவார்கள். அறுப்பு முந்தினால் எரிப்பும் முந்தும், அக்டோபர் முன்பாதியில் காற்று ஓரளவு வீசும், டெல்லிக்கு அது நல்லதாக இருக்கலாம். மறுபக்கம் ஜூன் முதல் வாரத்து அனலில் பட்டிண்டா வயல்களில் தண்ணீர் நிற்கும், கூடுதலாக ஏறும் ஈரம் அந்த வாரத்துப் புழுக்கத்தை என்ன செய்யும் என்பதுதான் 2020 ஆய்வுக்கும் 2022 ஆய்வுக்கும் இடையில் நடந்த அதே சண்டை, இந்த முறை தேதி மட்டும் வேறு. மே மாதத்தில் நெல் வயலில் தண்ணீர் இல்லை என்ற வாதம் ஜூன் 1-க்குச் செல்லாது. இதை ஓட்டிப் பார்க்கத் தேவையான இயற்பியல் எல்லாம் மாடலில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, மாவட்டத்துக்கு ஒரு தேதி போட்ட அந்த ஒரு பக்க அறிவிப்பு.